உழவரின் கட்சி உழவரை இழந்தது எப்படி? மேற்கு வங்க இடதுசாரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு வங்கத்தை இடதுசாரிக் கோட்டை என்பார்களே, அது எவ்வளவு பெரிய கோட்டை?

1977 ஜூனில் ஜோதி பாசு முதலமைச்சரானார். அதிலிருந்து வரிசையாக ஏழு சட்டமன்றத் தேர்தல்களில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி (சி.பி.எம்.) தலைமையிலான இடது முன்னணியே வென்றது. 34 ஆண்டுகள் இடைவெளியே இல்லாத ஆட்சி. 2006-இல் மொத்தம் 294 இடங்களில் 235 கிடைத்தன. அடுத்த தேர்தலில், 2011-இல், 62. 2021-இல் ஒன்றுமில்லை. விடுதலைக்குப் பிறகு இடதுசாரி உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் வங்கச் சட்டமன்றம் கூடியது அப்போதுதான் முதல் தடவை.

235-இலிருந்து பூஜ்யத்துக்கு வர 15 ஆண்டுகள் பிடித்தன. இதை ஒரே சரிவாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. அந்த வாக்குகள் இரண்டு தடவையாகப் போயின. 2006-க்கும் 2011-க்கும் இடையே ஒரு பகுதி மம்தா பானர்ஜியின் திரிணமூல் காங்கிரசுக்குப் போனது. 2014-க்கும் 2019-க்கும் இடையே இன்னொரு பகுதி பா.ஜ.க.வுக்குப் போனது. போனவர்களும் வேறு வேறு, போன காரணமும் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருந்தது என்பது என் எண்ணம்: “எனக்கு ஒன்று என்றால் யார் வந்து நிற்பார்கள்?”

அந்தப் பாரம்பரிய வாக்காளர் யார்? ஆலைத் தொழிலாளிதானே?

கம்யூனிஸ்ட் என்றதும் ஆலைச் சங்கு, கதவடைப்பு, ஊர்வலம் என்று நினைவு வருவது இயல்பு. ஹவுராவிலும் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளிலும் கட்சிக்குப் பலம் இருந்தது. நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து வந்து தெற்குக் கல்கத்தாவில் குடியேறிய அகதிகளின் காலனிகள் இன்னொரு தூண். ஆனால் 34 ஆண்டு ஆட்சியைத் தாங்கிய அடிமானம் கிராமம். குறிப்பாக, வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர். வங்கத்தில் அவர் பெயர் ‘பர்காதார்’.

நிலம் இன்னொருவருடையது. விதைத்து, நட்டு, அறுப்பது இவர். விளைச்சலில் பங்கு. அடுத்த ஆண்டும் அதே நிலம் கிடைக்குமா என்பது நிலக்காரரின் மனதைப் பொறுத்தது. 1946-47-இல் “விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு” என்று எழுந்த தேபாகா போராட்டம் இவர்களுடையதுதான். கட்சி அங்கேதான் வேர் பிடித்தது.

1978-இல் ‘ஆப்பரேஷன் பர்கா’ வந்தது. வாரத்துக்கு உழுபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற சட்டம் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அதிகாரி ஊருக்கு வந்தால் நிலக்காரர் வீட்டுத் திண்ணையில்தான் உட்காருவார். அவர் எதிரில் நின்று “நான்தான் உழுகிறேன்” என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? புதிய அரசு முறையை மாற்றியது. ஹூக்ளி மாவட்டம் ஹாலுசாயில் தொடங்கி ஊர் ஊராக முகாம் போட்டார்கள். உழுபவர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். அங்கேயே பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 14 லட்சம் பேர் பெயர் ஏறியது. பெயர் ஏறிவிட்டால் வெளியேற்ற முடியாது. வாரிசுக்கும் உரிமை உண்டு. விதை, உரம், மாடு எல்லாம் உழுபவர் செலவு என்றால் விளைச்சலில் நான்கில் மூன்று பங்கு அவருக்கு. உச்சவரம்புக்கு மேலிருந்த உபரி நிலத்தையும் பிரித்துக் கொடுத்தார்கள். இந்தியா முழுவதும் அப்படிப் பிரிக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே மாநிலத்தில்தான்.

அதே 1978-இல் மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது, கட்சிச் சின்னங்களில். நிலக்காரர் மட்டுமே உட்கார்ந்த நாற்காலியில் பள்ளி ஆசிரியரும் சிறு விவசாயியும் உட்கார்ந்தார்கள். அந்தத் தலைமுறைக்குச் செங்கொடி என்பது தத்துவம் அல்ல. நிலக்காரரின் ஆள் வீட்டு வாசலுக்கு வந்தால் நமக்காக வந்து நிற்கும் ஆள் அது.

இவ்வளவும் பெற்றவர்கள் பிறகு கைவிட்டது நன்றி கெட்டதனம் இல்லையா?

இல்லை. ஒரு ஏக்கர் நிலத்தை மூன்று மகன்கள் பிரித்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பர்காதாரின் மகன் பத்தாவது படித்தான், அவன் பிள்ளை கல்லூரிக்குப் போனான். அவர்களுக்கு வேண்டியது வேலை. அது ஊரில் இல்லை. முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் கேரளத்துக்கும் குஜராத்துக்கும் நம் திருப்பூருக்கும் ரயிலேறியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர்களில் “வடநாட்டுக்காரர்” என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் கூட்டத்தில், வங்க நிலச் சீர்திருத்தத்தின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அதற்காகத்தானே சிங்கூரில் கார்த் தொழிற்சாலை கொண்டுவந்தார்கள்? அதில் என்ன தவறு?

நோக்கத்தில் தவறில்லை. இதை இடதுசாரி எதிர்ப்பாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வங்கத்தின் தொழில் எழுபதுகளிலேயே தேய்ந்துபோயிருந்தது. இரும்புக்கும் நிலக்கரிக்கும் நாடு முழுக்க ஒரே சரக்குக் கட்டணம் என்று மத்திய அரசு வைத்த ஏற்பாடு அந்தப் பகுதியின் இயற்கையான சாதகத்தைப் பறித்தது. அறுபதுகளின் கடைசியில் நடந்த கெராவ்களும் (நிர்வாகிகளை வெளியே விடாமல் சூழ்ந்து நிற்கும் போராட்டங்கள்) முதலாளிகளை விரட்டின. 1994-இலேயே ஜோதி பாசு அரசு தனியார் முதலீட்டை வரவேற்கும் தொழிற்கொள்கையை அறிவித்தது. ஜோதி பாசுவுக்குப் பின் முதலமைச்சரான புத்ததேவ் பட்டாச்சார்யா 2006-இல் “வேளாண்மை நம் அடித்தளம், தொழில் நம் எதிர்காலம்” என்ற முழக்கத்தோடு போட்டியிட்டு 235 இடங்களை வாங்கினார். மக்கள் தொழிலுக்குச் சம்மதம் சொல்லித்தான் இருந்தார்கள்.

அவர் மீண்டும் பதவியேற்ற அன்றே, 2006 மே 18-இல், டாடாவின் சிறிய கார்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஹூக்ளி மாவட்டம் சிங்கூரில் 997 ஏக்கர். நெடுஞ்சாலையை ஒட்டிய, நெல்லும் உருளைக்கிழங்கும் விளையும் பல போக நிலம். எடுக்கப் பயன்படுத்தியது 1894-ஆம் ஆண்டின் வெள்ளைக்காரன் காலச் சட்டம். சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பொது நோக்கம் என்று அரசு சொன்னால் போதும்.

இழப்பீடு எப்படிப் பிரிந்தது என்பதுதான் இந்தக் கதையின் முடிச்சு. பட்டாவில் பெயர் உள்ளவருக்கு நில விலை. பதிவான பர்காதாருக்கு அதில் நான்கில் ஒரு பங்கு அளவு. பதிவாகாத பர்காதாருக்கும் கூலிக்குப் போனவருக்கும் அந்தக் காசோலையில் இடமே இல்லை. விளைச்சலில் முக்கால் பங்கு உழுபவருக்கு என்று சொல்லி வந்த கட்சி, நிலம் கைமாறும்போது கால் பங்கை மட்டும் அவர் கையில் வைத்தது. பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டு நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தவர் சிரித்த முகத்தோடு காசோலை வாங்கினார். மண்ணில் நின்றவர் வேலிக்கு வெளியே நின்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்பரேஷன் பர்காவை வடிவமைத்தவர் என்று சொல்லப்படும் அன்றைய நிலச் சீர்திருத்த ஆணையர் தேவவிரத பந்தோபாத்யாய், சிங்கூர் விஷயத்தில் அரசுக்கு எதிராக நின்றார். பின்னாளில் திரிணமூல் சார்பில் மாநிலங்களவைக்கும் போனார். யார் யாரை விட்டுப் போனார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2008 அக்டோபரில் டாடா குஜராத்தின் சாணந்துக்குப் போய்விட்டது. 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிலமெடுப்பே செல்லாது என்றது. ஆலையும் வரவில்லை, திரும்பி வந்த நிலமும் பழைய நிலமாக இல்லை, கான்கிரீட் கொட்டியிருந்தது.

நந்திகிராமில் நடந்தது என்ன?

இந்தோனேசியாவின் சலீம் குழுமத்தின் ரசாயன மையத்துக்காக நிலம் எடுக்கப்போவதாக 2007 ஜனவரியில் ஹால்டியா வளர்ச்சி ஆணையத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. முதலமைச்சர் அதைக் கிழித்துப் போடச் சொன்னார், யாரும் நம்பவில்லை. சிங்கூரைப் பார்த்தவர்கள் எப்படி நம்புவார்கள்? சாலைகளை வெட்டினார்கள், பாலங்களை உடைத்தார்கள், போலீஸ் உள்ளே போக முடியாமல் செய்தார்கள். சி.பி.எம். ஆதரவுக் குடும்பங்கள் பல ஊரைவிட்டு ஓடிப் பக்கத்துக் கேஜுரியில் முகாமில் இருந்ததும் உண்மை. மார்ச் 14-ஆம் தேதி போலீஸ் உள்ளே நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள்.

நந்திகிராம் எதிர்க்கட்சி ஊர் இல்லை. தேபாகா நடந்த மண். 2006-இல் அங்கே வென்றது இடது முன்னணியின் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிதான். 2009 ஜனவரி இடைத்தேர்தலில், அந்தத் துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்த ஃபிரோஜா பீவி திரிணமூல் வேட்பாளராக நின்று வென்றார். இடையில், 2007 நவம்பரில் கட்சி ஆட்கள் ஊரை ‘மீட்டார்கள்’. அவர்கள் கொடுத்ததை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தோம் என்ற பொருளில் முதலமைச்சர் பேசினார். நாடகம் எழுதியவர், ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியை மொழிபெயர்த்தவர், ஈரறை வீட்டில் எளிமையாக வாழ்ந்தவர் புத்ததேவ். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. முதலமைச்சர் யாருக்கு முதலமைச்சர் என்ற கேள்விக்கு அவரே பதில் சொன்னதாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சிங்கூரும் நந்திகிராமும் இல்லாமல் இருந்தால் கட்சி தப்பியிருக்குமா?

2011-இல் ஒருவேளை தப்பியிருக்கலாம். அதிக நாள் தாங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிலக்காரரின் அதிகாரத்தைக் கட்சி உடைத்தது. சரி, உடைந்த இடத்தில் எது உட்கார்ந்தது? கட்சியின் லோக்கல் கமிட்டி. ஊர்க்காரர்கள் எல்.சி. என்பார்கள். வாய்க்கால் தகராறா, எல்.சி. அண்ணன்தம்பி பாகப் பிரிவினையா, எல்.சி. கணவன் மனைவி சண்டைக்கும் எல்.சி.யில் பஞ்சாயத்து. மகனுக்குப் பள்ளியில் வேலை, அரசு மருத்துவமனையில் படுக்கை, வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர், எல்லாவற்றுக்கும் அந்த அலுவலக வாசல். வங்க ஆய்வாளர்கள் இதைக் ‘கட்சிச் சமூகம்’ என்கிறார்கள். நம் ஊர்களில் சாதிச் சங்கமோ கோயில் கமிட்டியோ செய்யும் வேலையை அங்கே கட்சி செய்தது.

தொடக்கத்தில் இது நல்லதாகவே இருந்தது. கூலி உயர்வைப் பேசி முடித்தது எல்.சி.தான். சாதிக் கலவரமும் மதக் கலவரமும் அந்த ஆண்டுகளில் பெரிதாகத் தலைதூக்காததற்கும் இது ஒரு காரணம். ஆனால் 15, 20 ஆண்டுகள் ஆனபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வேறு ஆள். ஆட்சிக்கு வருவதற்கு முன் அடி வாங்கிக் கட்சி வளர்த்தவர் வயதாகிப் போனார். வெற்றி பெற்ற கட்சியில் வந்து சேர்ந்தவர் வந்தார். பள்ளி ஆசிரியர், சம்பளக்காரர், கொஞ்சம் நிலம், இரும்புக் கடை, ஒப்பந்த வேலை. கூலிக்காரரின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டாலும் அவருக்கே இரண்டு கூலிக்காரர்கள் வேலை செய்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவிலேயே இதைச் சொன்னவர் நிலச் சீர்திருத்தத்தை நடத்திய அமைச்சர் பினய் சௌத்ரி. இது ஒப்பந்தக்காரர்களால், ஒப்பந்தக்காரர்களுக்காக நடக்கும் அரசு என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்படியென்றால் அவர் ஏன் இன்னும் அதில் இருக்கிறார் என்றார் ஜோதி பாசு. கட்சிக்குள் எச்சரிக்கை மணி அடித்தவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

2007 செப்டம்பரில் பாங்குரா, பர்தமான், பீர்பூம் மாவட்டங்களில் ரேஷன் கலவரம் நடந்தது. கோதுமையும் அரிசியும் வரவில்லை, கடைக்காரர் வெளியில் விற்கிறார் என்று மக்கள் ரேஷன் கடைக்காரர்களின் வீடுகளை முற்றுகையிட்டார்கள். செங்கொடியின் உள்வீடு என்று சொல்லத்தக்க ஊர்கள் அவை. அங்கே யாருக்கும் கார்த் தொழிற்சாலை பிரச்சினை இல்லை. 2008 பஞ்சாயத்துத் தேர்தலில் கிழக்கு மேதினிபூர், தெற்கு 24 பர்கானா உள்ளிட்ட நான்கு மாவட்டப் பரிஷத்துகள் கைவிட்டுப் போயின. புரிந்துகொள்ள நினைத்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

முஸ்லிம்கள் ஏன் விலகினார்கள்?

வங்க மக்கள்தொகையில் அவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். 30 ஆண்டுகள் அந்த வாக்குகளில் பெரும்பகுதி இடது முன்னணிக்குத்தான் விழுந்தது, கலவரமில்லாத வாழ்வுக்கு நன்றியாக. 2006 இறுதியில், நாட்டில் முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழுவின் அறிக்கை வந்தது. அரசு வேலைகளில் முஸ்லிம்களின் பங்கு மிக மோசமாக இருந்த மாநிலங்களில் மேற்கு வங்கமும் ஒன்று என்று அது காட்டியது. “உயிருக்குப் பயமில்லை, சரி, பிள்ளைக்கு வேலை?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதே நேரத்தில் நந்திகிராம். அங்கே நிலம் இழக்க இருந்தவர்களில் முஸ்லிம் விவசாயிகள் கணிசம். வர்க்கம் பார்க்கிறோம், மதம் பார்க்கவில்லை என்ற பழைய பதில் அந்தக் கேள்விக்குப் போதவில்லை. கடைசி நேரத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவுகளுக்கு இட ஒதுக்கீடு அறிவித்தார்கள். வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

தலித்துகளும் பழங்குடிகளும்?

இது பழைய காயம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த, நாமசூத்திரர் என்ற தலித் சாதி அகதிகளைக் காங்கிரஸ் அரசுகள் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பின. எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் இடதுசாரிகள். அந்த வார்த்தையை நம்பி 1978-இல் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாபி தீவில் குடியேறினார்கள். 1979-இல் அரசு தீவைச் சுற்றி வளைத்து, உணவும் தண்ணீரும் போகாமல் தடுத்து, மே மாதத்தில் குடிசைகளைக் காலி செய்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றும் சர்ச்சை. அது நிலச் சீர்திருத்தத்தின் அதே ஆண்டுகள் என்பதை மறக்க வேண்டாம்.

கட்சித் தலைமை கடைசிவரை பத்ரலோக், அதாவது படித்த மேல்சாதித் தலைமைதான். பாசு, பட்டாச்சார்யா, மிஸ்ரா, சென் என்று பெயர்ப் பட்டியலே சொல்லும். 1964-இல் பிறந்த சி.பி.எம்.மின் அரசியல் தலைமைக் குழுவில் முதல் தலித்தாக வங்கத்தின் ராமச்சந்திர தோம் இடம்பெற்றது 2022-இல். 58 ஆண்டுகள். அதற்குள் தாகூர்நகரை மையமாகக் கொண்ட, நாமசூத்திரர்களின் சமயப் பிரிவான மத்துவா மக்கள் முதலில் மம்தாவிடம் போய், பிறகு குடியுரிமை வாக்குறுதியை நம்பி மோடியிடமும் போய்விட்டார்கள்.

ஜங்கல் மஹால் பழங்குடிப் பகுதியின் கதை வேறு. 2004-இல் ஆம்லாசோலில் பட்டினிச் சாவுச் செய்தி வந்தது. 2008-இல் சால்போனியில் முதலமைச்சரின் வாகன வரிசையைக் குறிவைத்துக் கண்ணிவெடி வெடித்தபின், போலீஸ் லால்கர் கிராமங்களில் காட்டிய கெடுபிடி மிச்சமிருந்த உறவையும் முறித்தது.

கணினியை எதிர்த்தது, தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்தை எடுத்தது இவையெல்லாம் காரணமா?

நடுத்தர வர்க்கத்துக்கு எரிச்சல் ஊட்டின, அவ்வளவுதான். இவற்றைச் செய்துவிட்டும் பல தேர்தல்களில் வென்றார்கள். கல்கத்தா டீக்கடை அரட்டையில் இதற்கு இருக்கும் மதிப்பு வாக்குப் பெட்டியில் இல்லை.

2011-இல் தோற்றபோதும் 41 சதவீத வாக்கு இருந்ததே. ஏன் மீளவில்லை?

சரியான கேள்வி. புத்ததேவே ஜாதவ்பூரில் தன் முன்னாள் தலைமைச் செயலாளர் மணீஷ் குப்தாவிடம் தோற்றார் என்றாலும், கட்சி அழிந்துவிடவில்லை. நம் ஊரில் 41 சதவீதம் வாங்கித் தோற்ற கட்சி அடுத்த தேர்தலில் சிம்மாசனத்தில் உட்காரும்.

ஆனால் கட்சிச் சமூகத்தில் தோற்பது என்பது வேறு. எல்.சி. அலுவலகத்தின் மேல் கொடி மாறியது. அதே நாற்காலி, அதே மேசை, வேறு கட்சி. நேற்றுவரை எல்.சி.யின் கையாளாக இருந்தவரே இன்று திரிணமூலின் ஆள். அவரைத் தாண்டி எதுவும் நடக்காது. சி.பி.எம். குடும்பம் என்று தெரிந்தால் நூறு நாள் வேலை அட்டை நிற்கும், அறுவடைக்கு ஆள் வராது, சில ஊர்களில் அபராதம், சில ஊர்களில் அடி. 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களில் போட்டியே இல்லாமல் திரிணமூல் வென்றது. வேட்புமனு கொடுக்கப் போனவர்களை அலுவலக வாசலிலேயே தடுத்தார்கள். (இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்ததில் பழைய ஆட்சிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.)

அடி வாங்கிய தொண்டர் கட்சி அலுவலகத்துக்கு ஓடினால் அங்கே பூட்டு. கல்கத்தாவிலிருந்து அறிக்கை வரும். அறிக்கை அடியைத் தடுக்காது.

செங்கொடி பிடித்தவர் எப்படிக் காவிக் கொடியைப் பிடித்தார்?

முதலில் எண்களைப் பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் திரிணமூலுக்கு 45 சதவீதம், இடது முன்னணிக்குச் சுமார் 26, காங்கிரசுக்கு 12, பா.ஜ.க.வுக்கு 10. மூன்றே ஆண்டுகளில், 2019 மக்களவைத் தேர்தலில் திரிணமூலுக்கு 43, பா.ஜ.க.வுக்கு 40, இடது முன்னணிக்குச் சுமார் 7, காங்கிரசுக்கு 5 அல்லது 6. ஆளும் கட்சி இழந்தது 2 சதவீதம். பா.ஜ.க. பெற்றது 30. இடையில் யாருடைய வீடு காலியானது என்று கண்டுபிடிக்கக் கணித மேதை தேவையில்லை. இடதுசாரிகள் போட்டியிட்ட 40 தொகுதிகளில் 39-இல் டெபாசிட் போனது.

அந்தத் தேர்தலில் ஊரில் ஓடிய வாசகம் “ஆகே ராம், பரே பாம்”. முதலில் ராமர், பிறகு இடது. அதாவது, முதலில் பா.ஜ.க.வைக் கொண்டு திரிணமூலை இறக்குவோம், பிறகு நம் கட்சிக்குத் திரும்புவோம். கட்சி இதைச் சொல்லவில்லை; தலைவர்கள் மறுத்தார்கள். உடல்நலம் கெட்டு வீட்டில் இருந்த புத்ததேவ் கட்சி நாளிதழில் எச்சரிக்கை விடுத்தார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆனால் முதுகில் தழும்புள்ளவருக்கு ஒரு கொள்ளிதான் சுட்டது, இன்னொன்று அன்றைக்கு வெளிச்சமாகத் தெரிந்தது.

இதை மதவெறி என்று மட்டும் விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மதவெறியும் இல்லாமல் இல்லை. அந்த ஆண்டுகளில் ராமநவமி ஊர்வலங்களும் அதையொட்டிய மோதல்களும் வங்கத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தன. ஆனால் 2011-இல் அந்த மாநிலத்தில் பா.ஜ.க.வின் வாக்கு 4 சதவீதம். எட்டே ஆண்டில் மக்கள் மனம் பத்து மடங்கு மதவெறி கொண்டது என்பதைவிட, அடியிலிருந்து காப்பாற்ற டெல்லியில் அதிகாரமுள்ள ஒரு கட்சியைத் தேடினார்கள் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போனபிறகு அந்த வீட்டின் பேச்சைக் கற்றுக்கொண்டார்கள். இடதுசாரிகள் எதிர்பார்த்த ‘பிறகு’ வராமல் போனதற்கு அதுதான் காரணம்.

மேல்மட்டத்திலும் இது நடந்தது. நந்திகிராம் காலத்தில் ஹால்டியாவை ஆட்டிவைத்த சி.பி.எம். நாடாளுமன்ற உறுப்பினர் லட்சுமண் சேட், கட்சியிலிருந்து நீக்கப்பட்டபின் பா.ஜ.க.வில் சேர்ந்தார். தொண்டரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

மம்தாவின் நலத்திட்டங்கள்தான் ஏழைகளை இழுத்தன என்பார்களே?

பாதி உண்மை. கன்யாஸ்ரீ 2013-இல் வந்தது, மாணவர்களுக்குச் சைக்கிள் 2015-இல், பெண்கள் கணக்கில் மாதப் பணம் போடும் ‘லக்ஷ்மீர் பண்டார்’ 2021-இல். முதல் சரிவு இவற்றுக்கு முன்பே நடந்து முடிந்தது. ஆனால் பெண்கள் திரும்பி வராமல் இருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆப்பரேஷன் பர்காவில் பதிவேட்டில் ஏறியவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். அரசு தன் பெயருக்கு நேராகப் பணம் போடுவதை இந்தப் பெண்கள் பார்த்தது இப்போதுதான். இதைப் பிச்சை, லஞ்சம் என்று மேடையில் ஏளனம் செய்த இடதுசாரிகள் இருந்தார்கள். நியாய விலைக் கடையையும் மகளிர் உரிமைத் தொகையையும் பார்த்த நமக்கு, அந்த ஏளனம் எவ்வளவு வாக்கைத் தின்னும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காங்கிரசோடு கூட்டுச் சேர்ந்தது உதவியதா?

இல்லை. 2016-இல் காங்கிரஸ் 44 இடங்கள் வாங்கியது, சி.பி.எம். 26 இடங்கள். எழுபதுகளில் காங்கிரஸ் ஆட்சியில் தோழர்களைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் கை சின்னத்துக்கு வாக்குக் கேட்கப் போனார்கள். 2021-இல் ஃபுர்ஃபுரா ஷரீஃப் தர்காவின் இளம் மதத் தலைவர் அப்பாஸ் சித்திகியின் கட்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்சிக்கு பாங்கர் தொகுதி கிடைத்தது, மற்ற இருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. திரிணமூலும் பா.ஜ.க.வும் ஒன்றுதான் என்று பொருள்பட ‘பிஜேமூல்’ என்று ஒரு சொல்லை உருவாக்கிப் பிரசாரம் செய்தார்கள். பா.ஜ.க. வந்துவிடுமோ என்று பயந்த முஸ்லிம் வாக்காளருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. அது தவறு என்று பிறகு கட்சியே ஒப்புக்கொண்டது.

கேரளத்தில் மட்டும் ஏன் இந்த நிலை வரவில்லை?

தோற்கப் பழகியதால். 2021 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே எந்தக் கூட்டணிக்கும் அடுத்தடுத்து இரண்டாம் முறை கிடைத்ததில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை ஆட்சி போகும், கட்சி தெருவுக்கு வரும், சந்தர்ப்பவாதிகள் கழன்றுகொள்வார்கள். வங்கத்துக் கட்சிக்கு 34 ஆண்டுகள் அந்தக் களையெடுப்பு நடக்கவில்லை. கேரளத்தில் நூலகம், கூட்டுறவு வங்கி, சங்கங்கள் என்று ஆட்சி போனாலும் நிற்கும் அமைப்புகளும் உண்டு. திரிபுராவில் 25 ஆண்டுத் தொடர் ஆட்சிக்குப்பின் 2018-இல் என்ன நடந்தது என்று பார்த்தால், எது கேரளத்தின் பாதை, எது வங்கத்தின் பாதை என்று புரியும்.

இன்றும் கல்கத்தாவின் பிரிகேட் மைதானத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் சேர்கிறதே, அது வாக்காக மாறாதா?

2024 ஜனவரியில் இளைஞர் அமைப்பு கூட்டிய கூட்டத்தில் மைதானம் நிரம்பியது. மீனாட்சி முகர்ஜி போன்ற புதிய முகங்கள் நன்றாகப் பேசுகிறார்கள். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிக்கொண்டு ஓடிய ‘ரெட் வாலண்டியர்’ இளைஞர்களை எல்லாக் கட்சிக்காரர்களும் பாராட்டினார்கள். சில மாதங்களில் மக்களவைத் தேர்தல் வந்தது. வங்கத்தின் 42 தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஒன்றுமில்லை.

கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்து கோஷம் போடுவதற்கு ஒரு நாள் போதும், பெரிய ஆபத்தும் இல்லை. வாக்குச்சாவடியில் முகவராக உட்காருவது வேறு. பெயர் சொல்லி அடையாளம் காட்டி, நாள் முழுக்க உட்கார்ந்து, மாலையில் அதே தெரு வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். மறுநாளும் அதே ஊரில் இருக்க வேண்டும். மீனாட்சி 2021-இல் போட்டியிட்டது நந்திகிராமில்தான். மம்தாவும் பா.ஜ.க.வின் சுவேந்து அதிகாரியும் மோதி 1,956 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த அந்தத் தொகுதியில் அவருக்குக் கிடைத்தது ஆறாயிரத்துச் சொச்சம். தேபாகா காலத்தில் உழவர்கள் அறுத்த கதிரை நிலக்காரரின் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்துக்கே தூக்கிவந்த ஊர்கள் அங்கே இருக்கின்றன.